மாடிக் கட்டடத்தில் விறகடுப்பு: புகைக்கு வழி செய்வது எப்படி?

மதுரை மாநகரில் வைகையின் தென்கரையை அடுத்துள்ள சிம்மக்கல் பகுதி, அகலம் குறைந்து நீளம் மிகுந்த மனைகளைக் கொண்டது. முன்பு ஓட்டுக்கூரையும் முற்றமுமாக இருந்த வீடுகள் பல, இன்று மூன்று மாடி, நான்கு மாடி என உயர்ந்து நிற்கின்றன. அடுத்த வீட்டுச் சுவருக்கும் நம் வீட்டுச் சுவருக்கும் இடையே கை நுழையவும் இடமில்லாத சந்துகள் உண்டு. கீழ்த்தளத்தில் தொழில், நடுத்தளத்தில் குடும்பம், மேல்தளத்தில் வாடகைக் குடித்தனம் என ஒரே கட்டடத்தில் பலருடைய வாழ்வு அடுக்கடுக்காக நடைபெறுகிறது.

எரிவாயு அடுப்பு பெரும்பாலான சமையலறைகளுக்கு வந்துவிட்டது. ஆயினும் விறகடுப்பு நம்மை விட்டு நீங்கிவிடவில்லை. நூலை வேகவைக்கும் கொப்பரை, சாயம் காய்ச்சும் அண்டா, பாவுக்குக் கஞ்சி காய்ச்சும் அடுப்பு, உணவு விடுதியின் கோட்டை அடுப்பு ஆகியவற்றில் இன்றும் பல இடங்களில் விறகுதான் எரிகிறது. கிராமத்து அங்கத்தினர்கள் நெல் புழுக்குவதும் வெல்லம் காய்ச்சுவதும் பெரும்பாலும் திறந்த வெளியிலோ கொட்டகையிலோ நடப்பதால் புகை தானே விலகிப் போகிறது. அதே அடுப்பை நகரத்து மாடிக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைத்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. ஓட்டு இடுக்குகளின் வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் வெளியேறிய புகைக்குக் கான்கிரீட்டுத் தளம் வழி விடுவதில்லை. வழியை நாமே அமைத்துத் தரவேண்டியிருக்கிறது.

ஆய்வுப் பணியின்போது நான் மீண்டும் மீண்டும் காண்கிற அமைப்புகள் மூன்று. சுவரில் ஒரு துளையிட்டுச் சந்துக்குள் புகையை விடுவது முதல் வகை. ஒரு குழாயை வெளியே கொண்டுவந்து, முதல் மாடியின் உயரத்திலேயே அதை முடித்துவிடுவது இரண்டாம் வகை. ஏற்கெனவே உள்ள மற்றொருவரின் புகைபோக்கியில் தம் குழாயையும் இணைத்துவிடுவது மூன்றாம் வகை. மூன்றுமே செலவைக் குறைக்கச் செய்யப்படுபவை. மூன்றுமே மேல்தளத்தில் உறங்குகிறவர்களின் உயிரோடு விளையாடுபவை. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகை ஏன் மேலே போகிறது?

சூடான காற்று கனம் குறைந்தது. சுற்றியுள்ள குளிர்ந்த காற்று கனம் மிகுந்தது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.16 கிலோகிராம் எடையுள்ளது. 150 பாகையில் அதே அளவு காற்றின் எடை ஏறத்தாழ 0.83 கிலோகிராம்தான். கனமான வெளிக்காற்று அடுப்பின் வாய்வழியாக உள்ளே நுழைந்து, கனமற்ற புகையை மேலே தள்ளுகிறது. இதற்கு இழுவை என்று பெயர்.

இந்த இழுவை எவ்வளவு வலிமையானது? 10 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கியில், மேற்கண்ட வெப்பநிலைகளில், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 3 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடை வேறுபாடே உண்டாகிறது. 3 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தேங்கிய நீர் தரையை எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவே. மிக அற்பமான விசை. ஒரு கூரிய வளைவு, ஒரு காக்கைக் கூடு, சமையலறையில் சுழலும் ஒரு காற்றுப்போக்கி விசிறி, இவற்றுள் எதுவும் அதைத் தோற்கடிக்கக்கூடும். புகைபோக்கி அமைப்பதில் உள்ள விதிகள் அனைத்தும் இந்த அற்ப விசையைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டவை என்று கொண்டால், அவற்றை நினைவில் வைப்பது எளிதாகும்.

நம் ஊரின் வெப்பமும் இதில் சேர்கிறது. குளிர் நாடுகளில் வெளிக்காற்று மிகக் கனமாக இருப்பதால் இழுவை வலுவாக இருக்கும். சித்திரை வெயிலில் 40 பாகை வெப்பத்தில் நம் இழுவை மேலும் குறைகிறது. ஆகவே மேல்நாட்டு அளவுகளைவிடச் சற்றுத் தாராளமான உயரமும் நேரான பாதையும் நமக்குத் தேவை.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

புகை கண்ணை எரிக்கும், இருமல் தரும். அதனால் எச்சரிக்கை பெறுகிறோம். புகையோடு கலந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு இது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பற்றுதலுடன் சேர்ந்துகொள்கிறது. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிர் பிரியவும் கூடும்.

சுடர் விட்டு எரியும்போது மட்டுமே இந்த வாயு வருகிறது என்று எண்ணுவது தவறு. சுடர் அடங்கிக் கங்கு கனியும் வேளையில்தான் இது மிகுதியாக வெளிப்படுகிறது. அப்போது கண்ணுக்குப் புகை தெரியாது. புகைபோக்கியும் ஆறத் தொடங்கியிருப்பதால் இழுவை தளர்ந்திருக்கும். மறுநாள் காலைக்குக் கொப்பரைச் சூடு இருக்கட்டும் என்று கங்கை மூடிவைத்து, வாயிலையும் சாத்திவிட்டு, மேலே சென்று உறங்குவது இதனாலேயே பேராபத்து. ஒரே வீட்டில் உள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தால், உணவைச் சந்தேகிப்பதற்கு முன் அடுப்பைச் சந்தேகிக்க வேண்டும். அனைவரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைப்பதே முதற் கடமை.

உடனே கொல்லாத புகையும் நாட்பட நாட்பட நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கிறது. விறகு, சாணம், கரி முதலியவற்றை எரிப்பதால் வீடுகளில் உண்டாகும் மாசு காரணமாக 2020-ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

கும்பகோணம் கற்பித்த பாடம்

கீழே உள்ள அடுப்புக்கும் மேலே உள்ள மனிதர்களுக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாடு மிகக் கொடிய முறையில் அறிந்த நாள் 2004-ஆம் ஆண்டு ஜூலை 16. கும்பகோணத்துப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் மதிய உணவு சமைக்கும் கூடத்தின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குப் போதிய வழியின்றி 94 குழந்தைகள் மாண்டனர்.

அங்கே குறைகள் பல இருந்தன. நம் பொருளுக்கு வேண்டியவற்றை மட்டும் இங்கே கூறுகிறேன். தீயும் புகையும் மேல்நோக்கியே செல்பவை. மாடிப்படி அவற்றுக்கும் ஏறுவழிதான். ஆகவே, அடுப்பிருக்கும் அறைக்கும் மாடிப்படிக்கும் இடையே சுவரும் கதவும் இருக்கவேண்டும். அடுப்புக்கு மேலேயும் புகைபோக்கியின் வாயருகிலும் கீற்று, மூங்கில், தார்ப்பாய் எதுவும் இருத்தலாகாது. மொட்டை மாடியில் வெயிலுக்காகக் கீற்றுப் பந்தல் போட்டிருக்கும் நம் கட்டடங்களில், அதன் ஓரமாகவே புகைக் குழாயை முடித்திருப்பதைக் காணும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது.

நூல் கிடங்கைப் பற்றியும் ஒரு சொல். சாய அடுப்பு இருக்கும் அறைக்கு நேர் மேலேயோ, அதை ஒட்டியோ பருத்தி நூல் அடுக்கப்பட்டிருந்தால், அது கிடங்கன்று, அடுக்கிவைத்த எரிபொருள். இருப்புக்குக் காப்பீடு செய்திருக்கலாம். மேல்தளத்து உயிர்களுக்கு ஈடு தருவார் யார்?

புகையில்லா அடுப்பின் வரலாறு

புகையை ஒழுங்காக வெளியேற்றும் முயற்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. வார்தாவில் 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் ‘மகன் சூலா’ என்னும் அடுப்பை உருவாக்கியது. ஒரே நெருப்பின் சுடர் இரண்டு மூன்று பாத்திரங்களின் அடியைத் தழுவிச் சென்று இறுதியில் புகைபோக்கியை அடையும் அமைப்பு அது. நம் கொடியடுப்பை அறிந்தவர்களுக்கு அதன் தத்துவம் எளிதில் விளங்கும். அச்சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, பிற்காலத்தில் நம் மதுரை வட்டாரத்து டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். அதே காலத்தை ஒட்டி ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியாளர் புகையில்லாச் சமையலறைக்கான அடுப்பை வகுத்தார்.

பின்னர் மத்திய அரசு 1980-களின் முற்பகுதியிலிருந்து 2002 வரை நடத்திய தேசியத் திட்டத்தின் மூலம் மூன்று கோடிக்கு மேற்பட்ட சீர்திருத்த அடுப்புகள் வழங்கப்பட்டன. எனினும் அவற்றில் பல நீண்ட நாள் உழைக்கவில்லை. இதன் காரணத்தை விளக்கும் ஆய்வொன்று ஒடிசாவின் கிராமங்களில் நடந்தது. அதன் முடிவு 2012-இல் வெளிவந்தது. புகைபோக்கியுள்ள அடுப்பைப் பெற்ற குடும்பங்களில் முதல் ஆண்டில் மக்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது அந்த நன்மை நிலைக்கவில்லை. அடுப்புகள் ஒழுங்காகப் பயன்படுத்தப்படவில்லை, பழுதும் பார்க்கப்படவில்லை. கட்டிக் கொடுப்பது ஒரு நாள் வேலை, காத்து வருவது பல ஆண்டு வேலை என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

அமைக்கும் முறை

முதல் விதி: ஓர் அடுப்புக்கு ஒரு புகைபோக்கி. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பல மாடிக் குடியிருப்புகள் பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன. அவற்றின் கூரைமேல் வரிசை வரிசையாகச் சுட்டமண் குழல்கள் நிற்கும். ஒவ்வொரு தளத்து அடுப்புக்கும் தனித்தனிப் புகைவழி இருந்ததே அதற்குக் காரணம். இரண்டு தளங்கள் ஒரே குழாயைப் பகிர்ந்துகொண்டால், மேல்தளத்தில் அடுப்பு எரியாத நேரத்தில் அதன் வாய், கீழ்த்தளத்துப் புகை அறைக்குள் நுழையத் திறந்து வைத்த சாளரமாகிவிடும்.

இரண்டாவது, உயரம். அடுப்பிலிருந்து குழாயின் நுனி வரை குறைந்தது 15 அடியாவது இருப்பது நல்லது. கீழ்த்தளத்து அடுப்புக்கு இது தானாகவே அமையும். மேல்தளத்து அடுப்புக்குத்தான் இழுவை போதாது. அங்கே மொட்டை மாடிக்கு மேல் குழாயை உயர்த்தியே ஆகவேண்டும். குழாய் கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயரவேண்டும். 10 அடிச் சுற்றளவுக்குள் உள்ள கைப்பிடிச் சுவர், படிக்கூண்டு, நீர்த்தொட்டி எதைவிடவும் 2 அடியாவது உயர்ந்திருக்கவேண்டும் என்பது அமெரிக்க நாட்டில் வழங்கும் அளவு. ஆடி மாதத்து மேல்காற்று அண்டையிலுள்ள உயர்ந்த கட்டடத்தில் மோதிக் கீழே திரும்பும்போது, குட்டையான குழாயில் புகை பின்வாங்கும். அத்தகைய இடத்தில் மேலும் உயர்த்துவதும், காற்றுத் தடுக்கும் குல்லாய் பொருத்துவதும் பயன் தரும். குல்லாய் மழையைத் தடுக்கவேண்டும். புகையின் வழியை அடைக்கலாகாது.

மூன்றாவது, நேர்மை. பாதை இயன்றவரை செங்குத்தாக இருக்கட்டும். திருப்பம் தவிர்க்க முடியாததானால் சாய்வாகத் திருப்புக. கிடைமட்டமாக நீண்ட தூரம் கொண்டுசெல்லற்க. அடுப்பின் புகைவாயைவிடக் குழாயின் உட்பரப்பு எங்கும் குறுகியிருத்தல் கூடாது.

நான்காவது, பொருள். செங்கற்கூண்டுக்குள் சுட்டமண் குழாய் வைப்பதும், துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வைப்பதும் ஏற்றவை. பிளாஸ்டிக் குழாய் கொதிநீர்ச் சூட்டுக்கு முன்பே இளகத் தொடங்கும். அதை நினைக்கவும் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுக் குழாய்கள் முன்பு பெருவழக்காக இருந்தன. அதன் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று ஐயமற்ற உண்மையாதலால், புதிதாக அவற்றை வாங்கவேண்டாம். பழையவற்றை அறுக்கவும் உடைக்கவும் வேண்டாம்.

ஐந்தாவது, தளத்தைக் கடக்கும் இடம். 10 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய் 150 பாகை கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நீளும். அதைத் தளத்தோடு சேர்த்துச் சிமெண்டு பூசிவிட்டால் ஒன்று பூச்சு வெடிக்கும், அல்லது குழாயின் இணைப்பு விடும். விரிசல் கண்ட இடம் மேல்வீட்டுப் படுக்கையறையாக இருக்கக்கூடும். ஆகவே தளத்தில் பெரிய துளையிட்டு, அதில் ஓர் உறைக் குழாய் வைத்து, இடைவெளியைத் தீப்பற்றாத கனிமப் பஞ்சால் நிரப்பவேண்டும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரம், துணி, நூல் முதலியவற்றுக்கும் இடையே 18 அங்குல இடைவெளி விடுக. குடியிருக்கும் தளங்களைக் கடக்கும் குழாயைச் சுற்றிச் செங்கற்கூண்டு எழுப்புவது இன்றியமையாதது.

ஆறாவது, துப்புரவு வாயில். குழாயின் அடியில் கரியை அள்ளுவதற்கு இறுக மூடக்கூடிய ஒரு சிறு கதவு வைக்காமல் எந்தப் புகைபோக்கியையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

உள்ளே வரும் காற்று

வெளியேறும் புகைக்கு ஈடாக அறைக்குள் காற்று நுழையவேண்டும். கொசுவுக்கும் தூசுக்கும் அஞ்சி எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் இழுவை நின்றுபோகும். அடுப்பறையின் சுவரில், தரைக்கு அருகில், மூட முடியாதபடி கம்பிவலையிட்ட ஒரு திறப்பு இருக்கட்டும். அதே அறையில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி வைப்பது நன்மையென்று பலர் எண்ணுகின்றனர். போதிய காற்று நுழையாத அறையில் அவ்விசிறி புகைபோக்கியின் வழியாகவே காற்றை உள்ளிழுக்கும்; புகையும் நஞ்சும் தலைகீழாக இறங்கிவரும். எரிவாயு உருளையையும் விறகடுப்பறையில் வைக்கலாகாது. கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து நெருப்பை அடையும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. அடுப்பு மூட்டிச் சிறிது நேரம் கழித்து, கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு, அடுப்பின் வாயருகே ஓர் ஊதுவத்தியைப் பிடியுங்கள். அதன் புகை அடுப்புக்குள் இழுக்கப்பட்டால் நன்று. அறைப்பக்கம் சாய்ந்தாலோ தயங்கி நின்றாலோ, உடனே கதவைத் திறந்து நெருப்பை அணைத்து, குறையைக் கண்டு நீக்கும்வரை அந்த அடுப்பை மூட்டாதீர்கள்.

விறகும் கரியும்

நம் வட்டாரத்தில் சீமைக்கருவேல் விறகு மிகுதி. நன்கு காய்ந்தால் அது நல்ல எரிபொருள். ஈர விறகு தன் நீரை ஆவியாக்குவதிலேயே சூட்டைச் செலவிடுகிறது. புகை குளிர்ந்து, தார் போன்ற பிசுக்காகக் குழாயின் உட்சுவரில் படிகிறது. ஒரு நாள் அப்பிசுக்கு தீப்பற்றினால் புகைபோக்கிக்குள்ளேயே 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் உண்டாகும். ஆகவே வெட்டிப் பிளந்த விறகை மழை படாத, காற்றோடும் இடத்தில் ஒரு கோடைகாலமாவது காயவிடுங்கள். சாயம் தோய்ந்த கழிவு நூல், செயற்கை இழைத் துணி, வண்ணம் பூசிய மரம், பிளாஸ்டிக் ஆகியவற்றை ஒருபோதும் எரிக்கவேண்டாம்.

படிவு கால் அங்குலத்தை எட்டுமுன் துடைக்கவேண்டும். நாள்தோறும் எரியும் சாய அடுப்புக்கு மாதம் ஒரு முறையேனும் கதவைத் திறந்து பார்ப்பது தகும். குழாயில் தீப்பற்றி உறுமும் ஓசை கேட்டால், அடுப்பின் வாயை மூடி, கட்டடத்தில் உள்ள அனைவரையும் வெளியேற்றி, 101-க்குச் சொல்லுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றவேண்டாம்; நீராவியின் வேகத்தில் கூண்டு பிளந்துவிடும். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்குமாதலால், அதை மூடியுள்ள இரும்பு வாளியில் மட்டுமே கொட்டிவைக்கவேண்டும்.

யார் பொறுப்பு?

மாடிக் கட்டடத்தில் புகைபோக்கி ஒருவருடைய தனிச் சொத்தாக இருக்க முடியாது. கீழ்த்தளத்துக்காரரின் குழாய் நடுத்தளத்துக்காரரின் அறையைக் கடந்து, மேல்தளத்துக்காரரின் மொட்டை மாடியில் முடிகிறது. ஆகவே செலவையும் பராமரிப்பையும் முன்கூட்டியே பேசி எழுத்தில் வைத்துக்கொள்வதே பிணக்கின்றி வாழும் வழி. யார் துடைப்பது, எந்த மாதம் துடைப்பது, பழுது நேர்ந்தால் யார் எவ்வளவு தருவது என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். அடுப்பை நடத்துபவரே பெரும் பங்கை ஏற்பது நியாயம். மேல்தளத்தார் தம் தளத்தின் வழியாகக் கூண்டு எழுப்ப இடம் மறுக்காதிருப்பதும் நியாயம். இடம் மறுத்ததாலேயே குழாய் சன்னலுக்கு அடியில் முடிந்துபோன கட்டடங்கள் உண்டு.

சங்கத்தின் சொந்தக் கட்டடத்தில் சாய அடுப்பு இருக்குமானால், புகைபோக்கித் துப்புரவை ஆண்டுப் பராமரிப்புச் செலவில் ஓர் இனமாகச் சேர்த்து, நிர்வாகக் குழுவின் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். துப்புரவு செய்த தேதியை இருப்புப் பதிவேட்டைப் போலவே ஒரு பதிவேட்டில் எழுதிவரலாம். நூல் எத்தனை கட்டு என்று எண்ணிச் சரிபார்க்கும் நாம், அந்த நூலுக்கும் மேலே உறங்கும் குழந்தைகளுக்கும் காவலாக நிற்கும் ஒரு குழாயைச் சரிபார்க்காமல் விடலாமா?

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு கட்டடத்திலும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். குழாய் கைப்பிடிச் சுவருக்கு மேல் உயர்ந்திருக்கிறதா? அதில் வேறொருவரின் குழாய் சேர்ந்திருக்கிறதா? கடைசியாகத் துடைத்தது எப்போது? இவற்றுக்குத் திருப்தியான விடை கிடைக்கும் வரையில் அடுப்பறைக்கு மேலுள்ள அறையில் யாரையும் படுக்கவிட வேண்டாம்.